ஒரே ஒரு ரீல்: குளத்துக்கா, கடலுக்கா?

அக்கா மகன் போன வாரம் போனில் மூன்று படம் அனுப்பினான். மூன்றும் மீன்பிடி ரீல், தூண்டில் கம்பில் மாட்டி நரம்பைச் சுற்றிவைக்கிற கருவி. முதலாவது எண்ணூறு ரூபாய், தங்கக் கலர், பெட்டியில் ‘13+1 பேரிங்’ என்று கொட்டை எழுத்து. இரண்டாவது மூவாயிரத்துச் சொச்சம், கறுப்பு, பெயர் தெரிந்த கம்பெனி, 4000 சைஸ். மூன்றாவது பெய்ட்காஸ்டர், வீடியோவில் விரால் பிடிக்கிறவர்கள் எல்லாம் கம்புக்கு மேலே உட்கார்த்தி வைத்திருப்பார்களே, அது. கீழே ஒரே வரி: “மாமா, எது வாங்கட்டும்?”

நான் திருப்பிக் கேட்டேன்: “எந்தத் தண்ணியிலலே போடப்போற?”

“எல்லாத்துலயுந்தான்.”

அவன் சொன்னதிலும் தப்பில்லை. ஐவகை நிலமும் நம்ம பக்கம் உண்டு என்று பீற்றிக்கொள்கிறோம். ரீல் வாங்கப் போகும்போது அந்தப் பெருமையே தொல்லையாகிவிடுகிறது. அவன் இருப்பது வள்ளியூர். எந்தத் திசையில் வண்டியை விட்டாலும் ஒரு குளம் வரும். உவரிக் கடல் பைக்கில் ஒரு மணி நேரத்துக்குள். அப்பா ஊரான அம்பாசமுத்திரத்துக்குப் போனால் ஆறு. குளத்தில் அமலைச் செடிக்கு அடியில் விரால், மடைப் பக்கம் ஜிலேபி, கெளுத்தி. புன்னைக்காயலில் தாமிரபரணி கடலைத் தொடும் இடத்தில் கொடுவா. மணப்பாட்டிலும் உவரியிலும் கரையில் நின்று வீசினால் பாறையும் ஊளியும். இந்த நாலு தண்ணியும் ரீலிடம் நாலு விதமான வேலையைக் கேட்கின்றன. கடைக்காரர் அதைச் சொல்ல மாட்டார். “எல்லாத்துக்கும் ஆகும் தம்பி” என்பார்.

ரீலே வேண்டாம் என்பதும் ஒரு வழிதான். அணைக்கட்டுகளுக்குக் கீழே மூங்கில் கம்பும் நரம்பும் தக்கையுமாக உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள், கோதுமை மாவு உருண்டையில் நம்மைவிட அதிகக் கெண்டை பிடித்துக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். கரையிலிருந்து பத்தடியில் மீன் நின்றால் ரீல் வெறும் சுமை. முப்பது மீட்டர் தள்ளிப் போட வேண்டும், ஓடும் மீனுக்கு நரம்பு விட்டுக்கொடுக்க வேண்டும் என்கிற இரண்டு தேவைக்காகத்தான் ரீல்.

சரி, அவன் அனுப்பிய மூன்றையும் ஒப்பிட வேண்டுமென்றால் முதலில் நரம்பு எப்படி வெளியே போகிறது என்று தெரிய வேண்டும். விக்கிரமசிங்கபுரம் நூல் மில்லில் வேலை பார்த்தவர்கள் வீட்டில் இருந்தால் இது சுலபமாகப் புரியும். நூல் சுற்றிய குச்சியை அசையாமல் நிறுத்தி, அதன் தலைப்பக்கமாக நூலை இழுத்தால் குச்சி சுற்றாமலே நூல் சரசரவென்று உருவிக்கொண்டு வரும். ஸ்பின்னிங் ரீலின் சூட்சுமம் அதுதான். வீசும்போது, நரம்பு சுற்றியிருக்கும் ஸ்பூல் அசையாது. நரம்பு வளையம் வளையமாக முன்பக்கம் உருவிப் போகும். 1905-இல் இதற்கு இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கிய ஆல்ஃபிரெட் இல்லிங்வொர்த்தும் ஒரு நூற்பாலைக்காரர்தான். அவருடையது கம்பளி, நம்முடையது பஞ்சு, குச்சி ஒன்றுதான்.

பெய்ட்காஸ்டரில் ஸ்பூலே சுற்றும். கிணற்று ராட்டினம் மாதிரி. இரை முன்னால் இழுக்க, ஸ்பூல் சுழன்று நரம்பைக் கொடுக்கும். இரை காற்றில் வேகம் குறையும்போது ஸ்பூல் பழைய வேகத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தால், வெளியே போக வழியில்லாத நரம்பு உள்ளேயே குவிந்து தூக்கணாங்குருவிக் கூடு கட்டிவிடும். அதைத் தடுக்கத்தான் கட்டைவிரல், காந்த பிரேக் எல்லாம். கை பழகியவனுக்கு இதைப்போல ஒரு கருவி கிடையாது: குறி தப்பாது, அமலைக்குள் புகுந்த விராலைக் கதறக் கதற இழுத்து வெளியே கொண்டுவரும் பலம் உண்டு. நரம்பும் முறுக்கிக்கொள்ளாது.

ஆனால் நம்ம ஊர்க் காற்றை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆனி, ஆடியில் பணகுடி, ராதாபுரம் பக்கம் அடிக்கிற காற்றை நம்பித்தான் அத்தனை காற்றாலையும் நட்டு வைத்திருக்கிறார்கள். அந்தக் காற்றுக்கு எதிரே பத்து கிராம் ரப்பர் தவளையைப் பெய்ட்காஸ்டரில் வீசிப் பாருங்கள். தவளை அந்தரத்தில் நிற்கும், ஸ்பூல் சுற்றும், மிச்ச மாலைப்பொழுது சிக்கு எடுப்பதில் கழியும். ஏழு கிராமுக்குக் குறைந்த இரை என்றால் காற்று இல்லாமலே தகராறு. இன்னொன்று: ஸ்பின்னிங் ரீலில் கைப்பிடியைக் கழற்றி இடம் வலம் மாற்றிக்கொள்ளலாம். பெய்ட்காஸ்டரில் அது நடக்காது; வாங்கும்போதே இடதுகைச் சுற்றா வலதுகைச் சுற்றா என்று முடிவு செய்துவிட வேண்டும். வீடியோக்காரன் எந்தக் கையால் சுற்றுகிறான் என்று பார்த்து வாங்கி ஏமாந்தவர்கள் உண்டு.

ஆகவே முதல் ரீலாகப் பெய்ட்காஸ்டர் வேண்டாம் என்பது என் முடிவு. இரண்டாவது ரீலாக, அதுவும் விரால் பைத்தியம் பிடித்த பிறகு, தாராளமாக வாங்கலாம்.

முகம் மூடின ஸ்பின்காஸ்ட் ஒன்றும் உண்டு. பின்னால் ஒரு பொத்தானை அமுக்கி வீசுவது. எண்ணெய்க் கிணற்றுக்கு வெடி செய்துகொண்டிருந்த அமெரிக்கக் கம்பெனி ஒன்று 1949-இல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அந்த ‘ஜீரோ அவர் பாம் கம்பெனி’யின் சுருக்கம்தான் ஜெப்கோ. சின்னப் பிள்ளைகள் குளத்தில் ஜிலேபி பிடிக்க நல்லது. கடற்கரைக்கு வேண்டாம், மூடிக்குள் மணல் புகுந்தால் அவ்வளவுதான்.

மிச்சம் இருப்பது தங்கக் கலரும் கறுப்பும். இரண்டுமே ஸ்பின்னிங்.

சைஸ் எண்ணில்தான் பாதிப் பேர் குழம்புகிறார்கள். 1000, 2500, 3000, 4000, 6000 என்று போகும். இதற்கு உலகப் பொது அளவு ஒன்றும் கிடையாது; ஒரு கம்பெனியின் 4000 இன்னொரு கம்பெனியின் 3000 மாதிரி இருக்கும். பெயர் தெரியாத ரீல்களில் இந்த எண் வெறும் அலங்காரம். ஸ்பூல் விளிம்பில் அச்சடித்திருக்கும் நரம்புக் கணக்கைத்தான் பார்க்க வேண்டும். ‘0.30 – 180’ என்று இருந்தால் 0.30 மில்லிமீட்டர் நரம்பு 180 மீட்டர் பிடிக்கும். அதே ஸ்பூலில் 0.25 நரம்பு போட்டால் கிட்டத்தட்ட 260 மீட்டர். தடிமன் கொஞ்சம் குறைந்தாலே நீளம் எகிறிவிடும். பின்னல் நரம்பான பிரெய்டு வந்த பிறகு பெரிய ஸ்பூல் தேவை குறைந்ததற்கு இதுதான் காரணம். குளத்தில் முப்பது நாற்பது மீட்டருக்கு மேல் யாரும் வீசப் போவதில்லை. கடலில் எழுபது வீசினாலும், மீன் அடித்துக்கொண்டு ஓட இன்னொரு எண்பது. 150 மீட்டர் பிரெய்டு தாராளம்.

குளமும் ஆறும் மட்டும் என்றால் 2500 போதும். நாள் முழுக்க வீசினாலும் மணிக்கட்டு வலிக்காது. கடல் மட்டும் என்றால் 5000, 6000 என்று போகலாம். நீளக் கம்புக்கு அந்த எடைதான் சமநிலை கொடுக்கும். இரண்டுக்கும் ஒன்று என்று பிடிவாதம் பிடித்தால் 4000. குளத்தில் கொஞ்சம் கனமாகத் தெரியும், கடலில் கொஞ்சம் சின்னதாகத் தெரியும். பெரியவனின் சட்டையைத் தம்பிக்குப் போட்ட மாதிரிதான். ஆனாலும் பள்ளிக்கூடம் போய்விடலாம்.

இப்போது ட்ராக். இதற்காகத்தான் இந்தக் கட்டுரையே என்று வைத்துக்கொள்ளுங்கள். மீன் பலமாக இழுக்கும்போது நரம்பு அறுந்துவிடாமல், ஸ்பூல் அளவாக வழுக்கி நரம்பைக் கொடுக்க வேண்டும். அந்த வழுக்கலை முறைப்படுத்துவது ட்ராக். ஸ்பூலுக்குள் அடுக்கியிருக்கும் வில்லைகள் ஒன்றோடொன்று உரசுவதுதான் அதன் வேலை. விலை குறைந்ததில் கம்பளித் துணி வில்லை, நல்லதில் கார்பன் வில்லை. ஸ்பூல் தலையில் திருகும் முன் ட்ராக்கில் வில்லை பெரிதாக இருக்கும். ரீலின் வாலில் திருகும் பின் ட்ராக்கில் சிறிது. கைக்கு வசதி பின்னது, மீனுக்கு வசதி முன்னது. என் ஓட்டு முன்னதற்குத்தான்.

பெட்டியில் ‘10 கிலோ ட்ராக்’ என்று போட்டிருப்பார்கள். அந்த எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். 20 பவுண்டு நரம்பு என்றால் ஏறத்தாழ ஒன்பது கிலோவில் அறுந்துவிடும்; அதில் கால் பங்கு, மிஞ்சிப் போனால் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் ட்ராக் வைப்பார்கள். அதாவது இரண்டேகால் கிலோவிலிருந்து மூன்று கிலோ. சந்தேகம் இருந்தால் இரண்டு கிலோ சீனிப் பையை நரம்பு நுனியில் கட்டி, கம்பால் தூக்கிப் பாருங்கள். முழங்கை பதில் சொல்லும்.

எத்தனை கிலோ என்பதைவிட எப்படிக் கிளம்புகிறது என்பதுதான் விஷயம். நெல்லையப்பர் ஆனித் தேரை நினைத்துக்கொள்ளுங்கள். நிலையில் நிற்கும் தேரை அசைக்கத்தான் அத்தனை பேரும், பின்னால் தடி போட்டு நெம்புகிற ஆட்களும் வேண்டும். அசைந்துவிட்டால் பிறகு அதன் போக்கில் வரும். வடத்துக்கு ஆபத்து அந்த முதல் அசைவில்தான். 2024 தேரோட்டத்தில் வடம் அறுந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மட்டமான ட்ராக் தேர் மாதிரி: முதலில் அசையாது, பிறகு சடக்கென்று விடும். அந்தச் சடக்கில்தான் நரம்பு போகும். நல்ல ட்ராக் ராட்டினத்தில் வாளி இறங்குவது மாதிரி, இழுத்த நொடியே தயங்காமல் கிளம்பும்.

எனக்கு இது புத்தியில் ஏறியது மணப்பாட்டில். குன்றுக்கு இந்தப் பக்கம், மணல் திட்டில் நின்று வீசிக்கொண்டிருந்தேன். ரீல் ஒரு கடையில் எழுநூறு ரூபாய்க்கு வாங்கியது. விடியற்காலை ஊளி ஒன்று வந்து அடித்தது. ட்ராக் ஒரு கணம் ஒட்டிக்கொண்டது, நரம்பு பட்டென்று போனது. ஊளிக்குப் பல் இருக்கிறது, அது கடித்திருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். நரம்பு அறுந்தது ரீல் பக்கத்தில். தப்பு என் மேலும் உண்டு: போன தடவை வந்தபோது இறுக்கின ட்ராக்கை இறுக்கினபடியே இரண்டு மாதம் பரணில் போட்டு வைத்திருந்தேன். துணி வில்லை நசுங்கி ஒட்டிப்போயிருந்தது. வீட்டுக்கு வந்ததும் ட்ராக்கைத் தளர்த்தி வைக்க வேண்டும் என்று சொல்ல அன்று யாரும் இல்லை.

விரால் கதை வேறு. அமலைக்கு நடுவே தவளை போடுகிறவன் ட்ராக்கைக் கிட்டத்தட்டப் பூட்டிவிடுவான். ஓட விட்டால் மீன் செடிக்குள் முடிச்சுப் போட்டுக்கொள்ளும். அங்கே வழுக்கலைவிட, பல்சக்கரம் நொறுங்காத உறுதிதான் முக்கியம். ஆக கடலுக்கு மென்மையான ட்ராக், விராலுக்கு வலுவான சக்கரம். இரண்டும் எண்ணூறு ரூபாயில் சேர்ந்து கிடைத்து நான் பார்த்ததில்லை. (ஒரு விஷயம்: மழைக்காலத்தில் சிவப்புக் குஞ்சுகள் கூட்டமாக மேலே வருவதைக் கண்டால், அடியில் தாய் தகப்பன் காவல் நிற்கிறது. அங்கே தவளையைப் போடாதீர்கள். அடிக்கும், பிடிபடும், குஞ்செல்லாம் போய்விடும்.)

அந்த 13+1-ஐப் பார்ப்போம். ‘+1’ என்பது கைப்பிடி பின்னோக்கிச் சுற்றாமல் தடுக்கும் ஒருவழி உருளை. மிச்சம் பதின்மூன்றும் சின்னச் சின்னப் பால்ரஸ். கைப்பிடிக் குமிழுக்குள்ளேகூட இரண்டு மூன்றைப் போட்டு எண்ணிக்கையை ஏற்றிவிடுவார்கள். நல்ல ரீல் நாலைந்து பேரிங்கில் வெண்ணெய் மாதிரி சுற்றும். மட்டமான பேரிங் பதின்மூன்று இருந்தால், உப்புத் தண்ணியில் துருப்பிடிக்கப் பதின்மூன்று இடம் என்று அர்த்தம்.

‘5.2:1’ என்று இன்னொரு எண் இருக்கும். கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால், நரம்பை ஸ்பூலில் சுற்றிவிடும் முன்தலை 5.2 சுற்றுச் சுற்றும். ஸ்பூல் விட்டம் ஐந்து சென்டிமீட்டர் என்றால் ஒரு சுற்றுக்கு எண்பது சென்டிமீட்டர் போல நரம்பு வரும். 6, 7 என்றால் வேகம் கூடும், இழுவை குறையும். சைக்கிள் கியர் கணக்குத்தான். (ரீலுக்குப் பேர்போன ஷிமானோ 1921-இல் தொடங்கியது சைக்கிள் சக்கரத்துக்கு ஃப்ரீவீல் செய்யத்தான்.) நம்ம தேவைக்கு 5-க்கும் 6-க்கும் நடுவில் எதுவும் சரி. இதற்கு மேல் இதில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் ஒன்று. மீன் நரம்பை இழுத்துக்கொண்டு ஓடும்போது, ட்ராக் கிரீச்சிட, இங்கே கைப்பிடியையும் சுற்றிக்கொண்டே இருப்பது புதியவர்களின் வழக்கம். அப்படிச் சுற்றினால் நரம்பு உள்ளே வராது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஐந்து முறுக்கு ஏறும், அவ்வளவுதான். அடுத்த வீச்சில் சிக்கு விழுந்ததும் ரீல் சரியில்லை என்பார்கள்.

உப்பு விஷயத்தில் பெட்டி எழுத்தை நம்பாமல் கையால் பார்க்க வேண்டும். கிராஃபைட் உடம்பு துருப்பிடிக்காது, ஆனால் பெரிய மீன் இழுத்தால் வளையும். அலுமினியம் வளையாது, ஆனால் பூச்சு உரிந்த இடத்தில் உப்பு அரிக்கும். நம்ம அளவு மீனுக்கு இரண்டும் ஒன்றுதான். முதலில் சாகிறது உடம்பு இல்லை, நரம்பு ஏறி உருளும் அந்தச் சின்ன உருளை. நரம்பை வாரி ஸ்பூலுக்குக் கொண்டுபோகும் வளைகம்பியான பெயில் கம்பியின் மூலையில் இருக்கும். அது சுற்றாமல் நின்றுவிட்டால் நரம்பு அதன் மேல் உரசி உரசி நாராகும். கடலுக்குப் போய்வந்த அன்றே ட்ராக்கை இறுக்கி மூடி, நல்ல தண்ணியை மேலே லேசாகத் தெளித்துக் கழுவ வேண்டும். வாளிக்குள் முக்கக் கூடாது, தண்ணீர் உப்பையும் கூட்டிக்கொண்டு உள்ளே போய்விடும். உதறிக் காயவைத்து, ட்ராக்கைத் தளர்த்தி, அந்த உருளைக்கு ஒரு சொட்டு எண்ணெய். தையல் மெஷின் எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். தலைக்கு, கதவுக் கீலுக்கு, சைக்கிள் செயினுக்கு என்று எல்லாவற்றுக்கும் அதையே விடுகிற ஊர் இது. 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைய ஆரம்பிக்கும். மார்கழி விடியலில் ரீல் பிசுபிசுவென்று சுற்றும்போது காரணம் புரியாது.

கடைக்கு நேரில் போனால் இரண்டு நிமிஷ வேலை. கைப்பிடியை மெதுவாகச் சுற்றுங்கள். வேகமாகச் சுற்றினால் எல்லா ரீலும் நல்ல ரீல்தான். மணல் அரைபடுவது போல் கரகரப்பு வருகிறதா? கைப்பிடியைப் பின்னோக்கி ஆட்டுங்கள், லொடலொட என்கிறதா? மடக்குக் கைப்பிடியைவிட, உடம்புக்குள் நேரடியாகத் திருகி ஏறும் கைப்பிடியில் ஆட்டம் குறைவு. ட்ராக்கைப் பாதி இறுக்கி, ஸ்பூலைக் கையால் மெல்லத் திருப்புங்கள். தேரா, வாளியா என்று தெரிந்துவிடும். “என்ன அண்ணாச்சி, ரீல் வாங்க வந்தீங்களா, வைத்தியம் பார்க்க வந்தீங்களா” என்று கடைக்காரர் கேட்டால் சிரித்துவிட்டுத் தொடருங்கள்.

பணத்தைப் பிரிப்பதில் எனக்கு ஒரு பிடிவாதம். ஐயாயிரம் இருந்தால் ஐயாயிரத்தையும் ரீலில் கொட்டாதீர்கள். ரீலுக்கு மூவாயிரம், மிச்சத்தில் நல்ல நரம்பும் ஓரளவு கம்பும். மட்டமான நரம்பு சுற்றிய நல்ல ரீலைவிட, நல்ல நரம்பு சுற்றிய சுமாரான ரீல் அதிக மீனைக் கரை சேர்க்கும். பிரெய்டை வெறும் ஸ்பூலில் கட்டினால் மொத்தச் சுற்றும் வழுக்கும். அடியில் பத்துச் சுற்று நைலான் நரம்பு போட்டு அதில் முடியுங்கள். விளிம்புக்கு ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் கீழே வரை நிரப்ப வேண்டும். குறைந்தால் வீச்சு விழாது, கூடினால் சிக்கு.

ஆக மருமகனுக்கு எழுதியது இதுதான்: கறுப்பு 4000 வாங்கு. 20 பவுண்டு பிரெய்டு சுற்று; குளத்தில் தவளை போட ஆரம்பித்தால் 30-க்கு மாறிக்கொள். தங்கக் கலர் வேண்டாம். பெய்ட்காஸ்டருக்கு ஒரு வருஷம் கழித்து என்னிடம் வா, காற்று இல்லாத மாசமாகப் பார்த்து. குளத்துக்குப் போகிற பிள்ளை என்றால், மீன்பாசி ஏலம், அதாவது அந்தக் குளத்து மீனுக்கான குத்தகை, எடுத்தவர் யார் என்று கேட்டு, அவரிடம் சொல்லிவிட்டுத்தான் தூண்டிலை இறக்க வேண்டும். அவர் குஞ்சு வாங்கி விட்டு வளர்க்கிற மீன் அது. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகக் காட்டுக்குள் நினைத்தே பார்க்காதே. பாபநாசம் படித்துறையில் சனங்கள் பொரி போடுகிற மீன்களிடமும் உன் வீரத்தைக் காட்டாதே.

“எவ்வளவு நீளமா எழுதியிருக்கீங்க மாமா” என்று மட்டும் பதில் வந்தது.

நேற்று ஒரு படம் அனுப்பினான். திண்ணையில் கறுப்பு ரீல், பக்கத்தில் அக்காவின் தையல் மெஷின் எண்ணெய்க் குப்பி. “ரீல் சரி, மீனை எங்கலே?” என்று கேட்டேன்.

“குத்தகைக்காரர் இன்னும் சரின்னு சொல்லல மாமா.”